பூப்போட்ட கிளாஸ்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். துபாய்க்கு வந்த பிறகு அதைச் சொல்ல ஊரும் இல்லை, கோபித்துக்கொள்ள ஆளும் இல்லை. எழுபதுகளின் நடுவில் நாங்கள் பர் துபாயில் குடியிருந்த கட்டடத்தில் பொம்பளை என்றால் நான் ஒருத்திதான். கீழ் மாடியில் ஒரே ரூமில் எட்டுப் பத்து பேச்சிலர்கள். மேல் மாடியில் துணிக்கடைக்காரர் ஒருவரின் குடோன். எங்கள் மாடியில் எதிர் ஃபிளாட் காலி. காலையில் இவர் ஆபீசுக்குப் போய்விட்டால் சாயங்காலம் வரை நான் பேசுவது ஏசி மிஷினோடுதான். அதுவும் கடகடவென்று என்னை எதிர்த்துப் பேசும்.

அதனால் எதிர் ஃபிளாட்டுக்கு எந்த நாட்டுக்காரர் வந்தாலும் சரி, கூட ஒரு பொம்பளை இருந்தால் போதும் என்று காத்துக்கொண்டிருந்தேன். பாஷையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சண்டை போடவாவது ஒருத்தி வேண்டாமா?

இவர் ஒரு அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியில் பிளான் வரையும் டிராஃப்ட்ஸ்மேன். ஒருநாள் சாயங்காலம் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "எதிர் ஃபிளாட்டைப் பார்க்க எங்க ஆபீஸ் இன்ஜினியர் ஒருத்தர் வரார். புதுசா வந்திருக்கார். அமெரிக்காக்காரர்" என்றார்.

"அமெரிக்காக்காரரா? அவங்களுக்குத்தான் ஊருக்கு வெளியே காம்பவுண்டு கட்டி வச்சிருக்காங்களே?"

அந்தக் காம்பவுண்டை நான் பார்த்ததில்லை. இவர் சொல்லிக் கேட்டதுதான். சுற்றிலும் மதில், உள்ளே வில்லா வில்லாவாக வீடு, புல்தரை, நீச்சல்குளம், கிளப். நம்மவர்கள் அந்த கிளப்புக்குள் போக வேண்டுமென்றால் கையில் பரிமாறும் தட்டு இருக்க வேண்டும். இவர் ஒருமுறை வரைபடத்தில் கையெழுத்து வாங்க மேனேஜர் வில்லாவுக்குப் போனபோது, முன்வாசல் பக்கம் வராதே, சமையல்கட்டு வழியாக வா என்று கை காட்டினார்களாம். இவரும் அப்படியே போனாராம். நானாக இருந்தால் வரைபடத்தைச் சுருட்டி அங்கேயே எறிந்திருப்பேன்.

"இவர் கறுப்பு அமெரிக்கர்" என்றார். "வில்லா எதுவும் காலி இல்லைன்னு சொல்லிட்டாங்க."

"நிஜமாவே காலி இல்லையா?"

"நாலு வில்லா பூட்டிக் கிடக்கு. பிளான் போட்டவனே நான்தானே, எனக்குத் தெரியாதா?"

"கறுப்பா இருந்தா வீடு தர மாட்டாங்களா? அப்ப நீங்க மட்டும் என்ன சுண்ணாம்பா?"

"அதான் எனக்கும் தரலையே" என்று சிரித்துவிட்டுக் கைகால் கழுவப் போய்விட்டார். இந்த மனிதரை என்ன செய்வது!

மிச்ச விவரத்தைச் சாப்பிடும்போது சொன்னார். அந்த இன்ஜினியரின் மனைவி மிசிசிப்பியில் பள்ளிக்கூட டீச்சர். "முதல்ல நீங்க போய்ப் பாருங்க. அங்கயும் நம்ம ஊர் மாதிரியே நடத்துவாங்கன்னா நான் இங்கயே இருந்துக்கறேன். இங்கயாவது எந்தக் கதவு நமக்குத் திறக்காதுன்னு எனக்குத் தெரியும்" என்று கணவனை அனுப்பி வைத்திருக்கிறாள். வா என்று அவர் எழுதினால்தான் வருவாள். எதிர் ஃபிளாட்டையோ குடோன்காரர் துணி மூட்டை அடுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் வேண்டும், வேண்டாம் என்று இன்ஜினியர் சொல்லியாக வேண்டும் என்று வீட்டு ஓனர் கெடு வைத்திருந்தார்.

"அதனால வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட வரச் சொல்லியிருக்கேன்" என்றார்.

"என்கிட்ட கேட்டுட்டுக் கூப்பிடக் கூடாதா?" என்று ஒப்புக்குக் கத்தினேன். உள்ளுக்குள் எனக்குத் தலைகால் புரியவில்லை. டீச்சர் வேலை பார்த்தவள் என்றால் கண்டிப்பாக வாயாடியாகத்தான் இருப்பாள்.

வெள்ளிக்கிழமை விருந்துக்கு இன்னொரு ஆளும் உண்டு. ஆபீஸ் கார் ஓட்டும் டிரைவர் தம்பி. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமம். லேபர் கேம்பில் தங்கியிருந்தார். கேம்ப் சாப்பாடு நாக்கில் வைக்க முடியவில்லை என்று வெள்ளிக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். என்னோடு சரிக்குச் சரி வாயாடக்கூடிய ஒரே ஆள். அவரிடம் ஒரு கிறுக்கு இருந்தது. கண்ணாடிக் கிளாஸில் எதையும் குடிக்க மாட்டார். சொந்தமாக ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்திருந்தார். அது கார் முன்பக்கம் எப்போதும் உருண்டுகொண்டிருக்கும். ஊரை இரண்டாகப் பிரிக்கும் க்ரீக் கழிக்கு அக்கரையில், தேராவில் டீக்கடைக்குப் போனால் அதைத்தான் நீட்டுவார். "வெள்ளி டம்ளர் மகாராஜா வந்தாச்சு" என்று கடைக்காரர் கேலி செய்வாராம். ஏன் தம்பி என்று நானும் கேட்டிருக்கிறேன். "கிளாஸ்ல குடிச்சா எனக்கு எறங்காதுக்கா" என்பார். குடித்து முடித்ததும் டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைப்பார். ஆம்பளைக்கு எவ்வளவு நல்ல பழக்கம் என்று என் வீட்டுக்காரருக்குக் குத்திக் காட்டுவேன்.

விருந்துக்காக நான் அலமாரியிலிருந்து ஒரு கிளாஸை எடுத்தேன். அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தேராவில் ஒரு காயல்பட்டினத்துக்காரர் கடையில் வாங்கியது. விளிம்பில் தங்கக் கோடு, நடுவில் சிவப்பு ரோஜாப்பூ. ஆறு உள்ள செட்டில் மற்றதெல்லாம் விற்று மிஞ்சியிருந்த ஒன்று. யாராவது பெரிய மனுஷர் வந்தால் கொடுக்கலாம் என்று பத்திரமாக வைத்திருந்தேன். இவருக்கே அதில் தண்ணீர் கொடுத்ததில்லை.

அமெரிக்கர் வந்தார். அம்மாடி, என்ன உயரம்! நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, கோயிலுக்குள் வருவது போல் வந்தார். முதலில் எதிர் ஃபிளாட்டைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னலைத் திறந்து க்ரீக்கில் போகும் படகுகளைப் பார்த்தார். "என் மனைவிக்கு இந்த ஜன்னல் பிடிக்கும்" என்றார். அவர் பேசியது இங்கிலீஷ். என் காதில் விழுந்த விதத்தில் எழுதுகிறேன்.

நாலு பேரும் மேஜையில் உட்கார்ந்தோம். சோறு, கோழிக்குழம்பு, ரசம், அப்பளம், வெண்டைக்காய் வறுவல். வெண்டைக்காயைப் பார்த்ததும் மனிதர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "இது எங்கம்மா செய்யறது!" என்றார். ஆப்பிரிக்காவிலிருந்து தன் முன்னோர்களை விலங்கு போட்டு ஏற்றிப்போன கப்பல்களோடு வெண்டைக்காயும் போய்ச் சேர்ந்தது என்று அவருடைய அம்மா சொல்வாராம். மூன்று தடவை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். டீச்சர் வந்துவிட்டாள், இனி என் நாக்குக்கு வேலை வந்துவிட்டது என்று நான் மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தேன்.

குழம்புக் காரம் அவரைப் பிடித்துக்கொண்டது. கண்ணில் நீர் வர, கைக்கு அருகே இருந்த என் வீட்டுக்காரருடைய எவர்சில்வர் டம்ளரை எடுக்கப் போனார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விருந்தாளிக்குப் போயும் போயும் அந்த நசுங்கின டம்ளரா? "நோ நோ நோ! நாட் தட்! திஸ் ஒன் ஃபார் யூ!" என்று டம்ளரை அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி, பூப்போட்ட கிளாஸை முன்னால் வைத்தேன்.

அவர் கிளாஸை வாயில் வைத்துக் கொஞ்சம் குடித்தார். பிறகு எங்களைப் பார்த்தார். இவர் டம்ளரைத் தூக்கி அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான். டிரைவர் தம்பியும் அப்படித்தான். மூன்று பேர் உதடும் டம்ளரில் படவில்லை. அமெரிக்கர் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். தட்டில் சோற்றை அளைந்தார். முந்திரி திராட்சை போட்ட சேமியா பாயசத்தைத் தொடக்கூட இல்லை. "தேங்க் யூ மேடம், வயிறு நிறைஞ்சுடுச்சு" என்று எழுந்துவிட்டார். டிரைவர் தம்பி அவரைத் தேராவில் கெஸ்ட் ஹவுஸில் கொண்டுபோய் விடக் கிளம்பினார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "நீங்க என்ன சொன்னீங்க அவரை?" என்று இவர் மேல் பாய்ந்தேன்.

"நான் வாயே திறக்கலையே."

"அதான் தப்பு! வந்தவர்கிட்ட நாலு வார்த்தை பேசினா என்ன?"

பாயசத்தை ருசி பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அமிர்தமாக இருந்தது. அதனால் ஆத்திரம் இன்னும் கூடியது.

ஒரு மணி நேரத்தில் டிரைவர் தம்பி படி இரண்டிரண்டாக ஏறி வந்தார். "அக்கா, காரியம் கெட்டுச்சு. அவரு ஃபிளாட்டு வேணாம்னு சொல்லப் போறாரு."

"ஏன்? என் சமையலுக்கு என்ன குறைச்சல்?"

"சமையல் இல்லக்கா, கிளாசு. கார்ல போகும்போது என்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. கைய ஆட்டி ஆட்டி, எனக்குப் புரியுற மாதிரி கேட்டாரு. அந்தக் கிளாச மேடம் இப்ப ஒடச்சிருவாங்களா, இல்ல கழுவித் தனியா எடுத்து வப்பாங்களான்னு."

"ஏன் உடைக்கணும்? எவ்வளவு அழகான கிளாஸ்!"

"ஒங்களுக்கு அது அழகான கிளாசு. அவருக்கு அது தனிக் கிளாசு. மூணு பேருக்கு ஒரு மாதிரி டம்ளரு, அவருக்கு மட்டும் வேற. ஒங்க டம்ளர அவரு தொட்டதும் பிடுங்கிட்டீங்க. அப்பறம் மூணு பேரும் வாயில படாம தூக்கிக் குடிக்கிறோம். கறுப்பன் தொட்ட பாத்திரம்னு ஒதுக்குறோம்னு நெனச்சுட்டாரு."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "நீ சொல்லியிருக்கலாமே, அது எச்சில் படாம குடிக்கற வழக்கம்னு!"

"என் இங்கிலீசு லெஃப்டு, ரைட்டு, டுமாரோ. எச்சிலுக்கு நான் எங்கக்கா போவேன்?"

சாயங்காலம் ஆக இன்னும் நேரமிருந்தது. பாயசத்தைத் தூக்குச்சட்டியில் ஊற்றினேன். ஒரு சொம்பு நிறைய தண்ணீர், நாலு எவர்சில்வர் டம்ளர் எடுத்துப் பையில் போட்டேன். "கெளம்புங்க" என்றேன். பாலத்தைச் சுற்றிக் காரில் போனால் நேரமாகும் என்று மூன்று பேரும் அப்ராப் படகில் ஏறினோம். படகில் இருந்தவர்கள் எல்லாம் என்னையும் தூக்குச்சட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "நான் பேசறேன்" என்றார் இவர். "நீங்க பேசி நான் கேட்டதே இல்லை. தூக்கைப் பிடிங்க" என்றேன்.

கெஸ்ட் ஹவுஸ் வராந்தாவில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் திகைத்து எழுந்தார். நான் உட்காரக்கூட இல்லை. "மிஸ்டர், நீங்க தப்பா நினைச்சுட்டீங்க" என்று ஆரம்பித்தேன். அந்தக் கிளாஸ்தான் எங்கள் வீட்டிலேயே உசத்தியான கிளாஸ், என் புருஷனுக்கே நான் அதைத் தந்ததில்லை என்றேன். அதுவரை சரியாகப் போயிற்று. எச்சிலில்தான் மாட்டிக்கொண்டேன். அதற்கு இங்கிலீஷில் என்ன சொல்வது? எச்சில் என்பது வெறும் வாயில் ஊறுகிற நீரா? உதடு பட்ட பாத்திரம் எச்சில், கடித்த பழம் எச்சில், சாப்பிட்ட கை எச்சில். கடைசியில், "வி டோன்ட் டிரிங்க் எனிபடீஸ் ஸ்பிட்! மை ஹஸ்பண்ட்ஸ் ஸ்பிட் ஆல்ஸோ ஐ வில் நாட் டிரிங்க்!" என்று கத்தினேன்.

வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் எழுந்து உள்ளே போய்விட்டார். என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். அமெரிக்கர் என்னையே பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அப்படி ஒரு சிரிப்பு! நான் விடவில்லை. இவரை நிற்க வைத்து அண்ணாந்து குடித்துக் காட்டச் சொன்னேன். நானும் குடித்துக் காட்டினேன். "இப்ப நீங்க குடிங்க" என்று ஒரு டம்ளரை நீட்டினேன். அவர் தலையைச் சாய்த்துத் தண்ணீரை ஊற்றினார். பாதி மூக்கில், மீதி சட்டையில். புரையேறி இருமித் தும்மி ஒரு வழியாக உட்கார்ந்தார்.

சட்டையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அவருடைய அம்மா ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் வேலை பார்த்தாராம். அம்மா பிசைந்த மாவு, அம்மா பொரித்த கோழி எல்லாம் அவர்களுக்கு ஆகும். அம்மா வாய் வைத்த கிளாஸ் மட்டும் ஆகாது. அதைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே தனியாக வைத்திருப்பார்கள். அந்த வீட்டார் வேறு ஊருக்குப் போனபோது பாத்திரமெல்லாம் மூட்டை கட்டினார்கள். அம்மாவின் கிளாஸைக் கொல்லையில் போட்டு உடைத்தார்கள். கடைவீதியிலும் வெள்ளைக்காரருக்கு ஒரு தண்ணீர்க் குழாய், இவர்களுக்கு வேறு. அந்தக் குழாயில் பிள்ளைகள் வாய் வைக்கக் கூடாதென்று அம்மா புறப்படும் முன்பே வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வைப்பாராம். "அதனால வழியெல்லாம் ஒண்ணுக்கு வரும். அதுக்கும் எங்களுக்கு அங்க இடம் கிடையாது" என்று சிரித்தார். "இப்ப சட்டம் மாறிடுச்சு, மேடம். 'வெள்ளையருக்கு மட்டும்'னு மாட்டின போர்டையெல்லாம் கழட்டிட்டாங்க. யாரோ அதை மூட்டை கட்டி நம்ம காம்பவுண்டுக்கு அனுப்பி வச்சுட்டாங்க போல."

பிறகு கேட்டார்: "அப்படின்னா உங்க நாட்ல எல்லாருக்கும் ஒரே டம்ளர்தானா?"

"எல்லாருக்கும் ஒண்ணுதான்! எங்க ஊர்ல அந்த வித்தியாசமெல்லாம் கிடையவே கிடையாது!" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

பின்னால் டிரைவர் தம்பி தொண்டையைக் கனைத்தார். "அக்கா, அத மட்டும் சொல்லாதீங்க."

"ஏன்?"

"எங்க ஊரு டீக்கடையில மேச்சாதிக்காரங்களுக்குப் பித்தளை டம்ளரு. எங்க தெருக்காரங்களுக்குக் கண்ணாடிக் கிளாசு. கடைக்கு வெளியில கட்டையில வச்சிருப்பான். நாங்களே எடுத்து, குந்தி உக்காந்து குடிச்சுட்டு, நாங்களே கழுவிக் கவுத்து வச்சுட்டு வரணும். நீங்க அந்தக் கிளாச அவரு முன்னால வச்சப்பவே எனக்குப் பக்குனு ஆயிருச்சு. விருந்து வீட்ல எதுக்கு வாயத் தொறக்கணும்னு இருந்துட்டேன்." பிறகு, "இதையும் அவருக்குச் சொல்லுங்கக்கா" என்றார்.

அப்போதுதான் அந்த எவர்சில்வர் டம்ளர் எனக்கு விளங்கியது. முகம் சூடாகிவிட்டது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் அது. சொல்லாமல் மழுப்பிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னேன்.

அமெரிக்கர் நாற்காலியைத் திருப்பி டிரைவர் தம்பிக்கு எதிரே போட்டுக்கொண்டார். கையால் கழுவுவது போல் காட்டி, "நீயேவா?" என்றார். "எஸ்" என்றார் தம்பி. "வெளியிலேயா?" "எஸ்." "டீயாவது ஒண்ணா, அதுவும் வேறயா?" என்று கேட்டதை நான் தமிழில் சொன்னதும் தம்பி சிரித்துவிட்டார். "டீ ஒரே சட்டிதான் சார்! சேம் டீ! சேம் சேம்!" இரண்டு பேரும் முழங்காலில் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் தூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

பிறகு அமெரிக்கர் பாயசம் குடித்தார். "நான் வாய் வச்சே குடிக்கறேன். இன்னொரு சட்டையை நனைக்க முடியாது" என்று மூன்று டம்ளர் குடித்தார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "உங்க சம்சாரத்துக்கு என்ன எழுதப் போறீங்க?" என்று கேட்டே விட்டேன்.

"அது இங்கயும் இருக்குன்னு எழுதுவேன். பொய் எழுதினா அவ கண்டுபிடிச்சுடுவா" என்றார். "ஆனா எதிர் வீட்ல ஒரு அம்மா இருக்காங்க, தப்பு நடந்தா பாயசத்தைத் தூக்கிக்கிட்டுத் தண்ணியைத் தாண்டி வந்து சண்டை போடுவாங்கன்னும் எழுதுவேன். அவ கிளம்பி வந்துடுவா."

வெயில் தணிந்த மாதத்தில் அவள் வந்தாள். நினைத்தபடியே வாயாடி. என்னைவிடக் குள்ளம், குரல் மட்டும் என்னைவிட உரக்க. அவள் இங்கிலீஷில் எனக்குப் பாதி புரியும், என் இங்கிலீஷில் அவளுக்குப் பாதி புரியும். சண்டைக்கு அது தாராளம். வெண்டைக்காயைச் சோளமாவில் புரட்டிப் பொரிக்க வேண்டுமா, மிளகாய்த்தூள் போட்டு வதக்க வேண்டுமா என்று முதல் வாரமே அடுப்பங்கரையில் ரகளை.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டேன். டிரைவர் தம்பியும் வந்திருந்தார். மேஜையில் ஐந்து எவர்சில்வர் டம்ளர்களை வரிசையாக வைத்தேன். பூப்போட்ட கிளாஸை அலமாரியின் மேல்தட்டில் பின்னால் தள்ளிவிட்டேன்.

அவள் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தாள். தனியாக அப்ராவில் தேராவுக்குப் போய், கணவன் சொன்ன அடையாளத்தை வைத்துக் கடை கடையாகக் கேட்டு, அந்தக் காயல்பட்டினத்துக்காரரைக் கண்டுபிடித்திருக்கிறாள். பெட்டிக்குள் புதிதாக வந்த சரக்கிலிருந்து ஐந்து கிளாஸ்கள். அதே தங்கக் கோடு, அதே ரோஜாப்பூ. "உன்னோடதைக் கொண்டா" என்று அலமாரியைக் கை காட்டினாள். "மொத்தம் ஆறு. நாம அஞ்சு பேர். ஆறாவது உடையறதுக்கு."

ஒவ்வொருவர் முன்னாலும் ஒன்றை வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். "தம்பிக்கு எவர்சில்வர்லதான்..." என்று வாயெடுத்தேன்.

"இருக்கட்டும்க்கா" என்றார் அவர். கிளாஸைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் இவருடைய கிளாஸைப் பார்த்தார். எதிரே அமெரிக்கருடையதைப் பார்த்தார். "எல்லாம் ஒண்ணுபோலதான் இருக்கு" என்றார். பிறகு உதட்டில் வைத்து, ஒரே மூச்சில் குடித்தார். குடித்து முடித்ததும் பழக்கதோஷத்தில் எழுந்து, கிளாஸோடு தொட்டிப் பக்கம் நடந்தார்.

அமெரிக்கர் உட்கார்ந்தபடியே நீளக் கையை நீட்டி, அவர் கையிலிருந்து கிளாஸை வாங்கி மேஜையில் மற்றக் கிளாஸ்களோடு வைத்தார். தம்பி அதைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தார். அவர் கண் கலங்கியது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"உக்காரு தம்பி! இன்னும் சோறே போடலை" என்று அதட்டினேன். "இந்த வீட்ல இனிமே கிளாஸ் கழுவறது என் வீட்டுக்காரர் வேலை."

சாப்பாடு முடிந்து இவர்தான் கழுவினார். அவருக்குப் பழக்கமில்லை, ஒன்றைக் கைநழுவ விட்டார். உடைந்தது என்னுடைய பழைய கிளாஸா, அவள் வாங்கி வந்ததில் ஒன்றா என்று எங்கள் ஐந்து பேரில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.